எந்தச் சாலையில் எண்ணுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வண்டிகளை எண்ணும் சென்சார்களை ஊர்ச் சாலைகளில் எங்கெங்கே பொருத்துவது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: நடுத்தர நகரம் ஒன்றுக்கு 30 சென்சார் வாங்கப் பணம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி அதிகம் போகும் 30 சாலைகளைப் பார்த்து வைத்துவிட்டால் வேலை முடிந்ததா? (சேலம் வாசகர்)

பதில்: முடியாது. வண்டி அதிகம் போகும் சாலைகள் பெரும்பாலும் ஒரே வழித்தடத்தில் ஒன்றை அடுத்து ஒன்றாகக் கிடக்கும். முதல் துண்டில் எண்ணிய அதே வண்டியை, சந்திப்பைத் தாண்டியதும் மறுபடி எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

கணக்காகவே பார்க்கலாம். காலை உச்ச நேரத்தில் மணிக்கு முதல் சாலையில் 4,000 வண்டி. அடுத்த துண்டில் 3,800, அதில் 3,600 முதல் சாலையிலிருந்து வந்தவையே. ஊரின் வேறொரு மூலையில் மூன்றாவது சாலை, 1,500 வண்டி. இவை முதல் இரண்டு சாலைக்கும் வராதவை. உங்களிடம் இரண்டே சென்சார். பெரியது இரண்டையும் எடுத்தால் வெவ்வேறான 4,200 வண்டி அகப்படும். முதலாவதையும் மூன்றாவதையும் எடுத்தால் 5,500.

ஆகவே பட்டியலை இப்படிப் போடுங்கள். எந்த ஏரியாவிலிருந்து எந்த ஏரியாவுக்கு, எந்த வழியாக, ஏறக்குறைய எத்தனை வண்டி என்ற அட்டவணை வேண்டும். பழைய பயண ஆய்வோ தோராயமான மாதிரியோ போதும். முதல் சென்சார் அதிக வண்டி பிடிக்கும் சாலைக்கு. பிடிபட்ட வண்டிகளை அட்டவணையிலிருந்து கழித்துவிடுங்கள். மீதியில் எந்தச் சாலை அதிகம் பிடிக்கிறதோ அங்கே இரண்டாவது. மறுபடி கழியுங்கள். 30 முடிந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து வேறு சாலைக்கு மாற்றிப் பாருங்கள். மொத்தம் கூடினால் மாற்றம் நிலைக்கட்டும், இல்லையென்றால் பழைய இடத்துக்கே திரும்பட்டும். இப்படிக் கழித்துக் கழித்துத் தேர்ந்தெடுப்பது எப்போதும் ஆகச் சிறந்த தேர்வைத் தந்துவிடாது. ஆனால் ஆகச் சிறந்த தேர்வு பிடிக்கும் வண்டிகளில் 63 சதவீதத்துக்குக் கீழே ஒருபோதும் இறங்காது என்று 1978லேயே கணித நிரூபணம் வந்துவிட்டது. நடைமுறையில் அதைவிட வெகு மேலேதான் நிற்கும்.

திறப்பு விழாவுக்கும் புகைப்படத்துக்கும் வசதியான சாலையைத் தேர்ந்தெடுப்பது வேறு கலை. அது எங்கள் பகுதியில் வராது.

கேள்வி: நான்கு கை சந்திப்பு. உள்ளே வருவது, வெளியே போவது என்று எட்டு ஓட்டம். உள்ளே வந்தது வெளியே போய்த்தானே ஆகவேண்டும்? ஏழை எண்ணி எட்டாவதைக் கழித்தலில் கண்டுபிடிக்கலாமே? (கோவை பொறியியல் மாணவி)

பதில்: கண்டுபிடிக்கலாம். ஆனால் எந்த ஒன்றை விடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உள்ளே வரும் நான்கு கைகளிலும் மணிக்கு 600, மொத்தம் 2,400. வெளியே போகும் கைகளில் 730, 730, 740, 200. ஒவ்வொரு சென்சாருக்கும் முன்பின்னாக 5 சதவீதப் பிழை, ஒன்றின் பிழைக்கும் மற்றதன் பிழைக்கும் தொடர்பில்லை என்று கொள்வோம். வண்டி குறைவுதானே என்று 200 போகும் கையில் சென்சார் வைக்காமல் விட்டால், மற்ற ஏழின் பிழைகளும் (ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால்) சேர்ந்து ஏறக்குறைய 87 வண்டி. 200ல் 87! அந்த எண் குப்பைக்குத்தான். மாறாக 740 போகும் கையை விட்டுவிட்டு 200ஐ எண்ணினால் பிழை 80 வண்டி, அதாவது 11 சதவீதம். இதை வைத்து வேலை செய்யலாம்.

இதனால் ஊர் வழக்கத்துக்கு நேர்மாறான விதி ஒன்று வருகிறது: கழித்தலில் கண்டுபிடிக்கப் போவது பெரிய ஓட்டமாக இருக்கட்டும், சிறிய ஓட்டத்தை நேரடியாக எண்ணுங்கள். டெண்டரில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் எழுதுகிறார்கள்.

இன்னொரு கண்ணி. பிழை எல்லாப் பக்கமும் ஒரே திசையில் இருந்தால் அவ்வளவு கெடுதல் இல்லை. எல்லா லூப்பும் (சாலையில் பதிக்கும் கம்பிச் சுருள் சென்சார்) 5 சதவீதம் குறைத்து எண்ணினால் 2,280 கழித்தல் 2,090, விடை 190. உள்ளே வரும் கைகளில் மட்டும் குறைத்து எண்ணும் பழைய லூப், வெளியே போகும் கைகளில் சரியாக எண்ணும் புதிய கேமரா என்றால் 2,280 கழித்தல் 2,200, விடை 80. உண்மையோ 200. ஒரே சந்திப்பில் இரண்டு வகைக் கருவிகளைக் கலக்காதீர்கள் என்பது இதனால்தான்.

திரும்பும் ஓட்டங்கள் வேறு கதை. யூ-டர்னை விட்டால் ஒரு சந்திப்பில் 12 அசைவுகள். எட்டு ஓட்டத்தையும் எண்ணினாலும் ஒன்றையொன்று சாராத சமன்பாடுகள் ஏழுதான் கிடைக்கும். ஆகவே குறைந்தது 5 அசைவுகளைத் தனியே எண்ண வேண்டும். சிக்னல் நேரம் வகுக்கப்போகிறீர்கள் என்றால் வலது திரும்பும் நான்கையும் அந்த ஐந்தில் சேர்த்துவிடுங்கள். சிக்னலின் ஒரு முழுச் சுற்று நேரத்தைத் தின்பவை அவைதான்.

கேள்வி: அதே தத்துவத்தை ஊர் முழுக்க விரித்தால் எத்தனை சென்சார் மிச்சமாகும்? (அதே வாசகி)

பதில்: சந்திப்புக்கு ஒன்று. அவ்வளவுதான். ஒருவழி ஓட்டங்களின் எண்ணிக்கையிலிருந்து சந்திப்புகளின் எண்ணிக்கையைக் கழித்தால், எல்லா ஓட்டத்தையும் அறியத் தேவையான குறைந்தபட்சச் சென்சார் எண்ணிக்கை வரும். இரண்டுக்கு இரண்டு கட்டமாக நான்கு சந்திப்பு என்றால் 12 சாலை, 24 ஓட்டம், 20 சென்சார். பத்துக்குப் பத்துக் கட்டமாக நூறு சந்திப்பு என்றால் 220 சாலை, 440 ஓட்டம், 340 சென்சார். நான்கில் மூன்று பங்குக்கு மேல்! எந்த ஊரும் இவ்வளவு பணம் போடாது, போடவும் வேண்டாம். 'எல்லாச் சாலையிலும் எத்தனை வண்டி' என்பதை ஓர் இலக்காகவே வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் பத்து, பன்னிரண்டு சந்திப்புள்ள ஒரு கடைவீதிப் பகுதிக்கு இதைச் செய்யலாம். முறை எளிது. வரைபடத்தில் பகுதிக்கு வெளியே போகும் எல்லா முனைகளையும் 'வெளி' என்ற ஒரே புள்ளியில் கொண்டுபோய்ச் சேருங்கள். சென்சார் வைக்காத ஓட்டங்களை மட்டும் சிவப்பு மையில் இழுங்கள். அம்புத் திசையைப் பார்க்க வேண்டாம். சிவப்புக் கோடுகள் எங்காவது மூடிய வளையமாகிவிட்டால் அந்த வளையத்தில் இருக்கும் எதையும் கணக்கிட முடியாது. ஒன்றிலாவது சென்சார் வேண்டும். ஒரே சாலையின் போக்கும் வரவும் இரண்டும் சிவப்பானாலே அது வளையம்தான். ஆகவே எந்தச் சாலையிலும் இரு திசையையும் ஒருசேர விடக்கூடாது.

இதெல்லாம் இரண்டு சந்திப்புக்கு நடுவில் வண்டி முளைக்காது, மறையாது என்ற நம்பிக்கையில் நிற்பது. பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், மார்க்கெட் வாசல், இருநூறு வீட்டு அடுக்ககத்தின் கேட் இவை எதுவும் அந்த நம்பிக்கையை மதிப்பதில்லை. அப்படி ஒன்று இருந்தால் அதன் வாசலையும் ஒரு சந்திப்பாகவும், உள்ளே போவதையும் வெளியே வருவதையும் இரு ஓட்டமாகவும் வரைபடத்தில் சேருங்கள்.

கேள்வி: சாலையின் இரு முனையிலும் சென்சார் இருக்கிறது. 5 நிமிடக் கணக்கில் உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒத்துப்போகவே இல்லை. கருவி பழுதா? (ஓசூர் வாசகர்)

பதில்: அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். ஒரு கிலோமீட்டர் சாலையை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் கடக்க 3 நிமிடம் ஆகும். 5 நிமிடக் கட்டத்தில் பாதிக்கு மேல் வண்டிகள் இன்னும் நடுவழியில் இருக்கும். நெரிசல் சேரும்போது இன்னும் மோசம்: கார் ஒன்றுக்கு 7 மீட்டர் என்றால் இரண்டு தடச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்குள் 285 கார் நின்றுகொண்டே இருக்கலாம். சமன் பார்ப்பதற்கு, தொடக்கத்திலும் முடிவிலும் சாலை காலியாக இருக்கும் இடைவெளியை எடுங்கள். அதிகாலை 4 முதல் மறுநாள் அதிகாலை 4 வரை எடுத்தால் மிக நல்லது. அதிலும் ஒத்துவரவில்லை என்றால் கருவியைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: எண்ணிக்கையை மட்டும் வைத்து, யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று சொல்லிவிட முடியுமா? எங்கள் ஆலோசகர் முடியும் என்கிறார். (சென்னை வாசகர்)

பதில்: எண்ணிக்கையை 'மட்டும்' வைத்து முடியாது. ஊரை 50 ஏரியாவாகப் பிரித்தால் புறப்படும் இடம், சேரும் இடம் என்று 2,450 ஜோடி. உங்களிடம் 60 சென்சார் இருந்தால் 60 சமன்பாடு. 2,450 தெரியாத எண்களுக்கு 60 சமன்பாடு என்றால் எண்ணற்ற விடைகள் பொருந்தும். ஆலோசகர் பழைய பயண அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டு, அதிலிருந்து அதிகம் விலகாமல் எண்ணிக்கைகளுக்குப் பொருந்தும்படி திருத்துகிறார். அது நியாயமான முறைதான். ஆனால் பழைய அட்டவணை எவ்வளவு பழையது என்று கேளுங்கள்.

இந்தத் திருத்தம் நன்றாக அமைய சென்சாரை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு ஹாய் யாங், ஜிங் ஷோ என்ற ஆய்வாளர்கள் 1998ல் நான்கு விதி சொன்னார்கள். இன்றும் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு ஜோடியின் பயணத்திலும் ஒரு பகுதியாவது ஏதாவது ஒரு சென்சாரைத் தாண்ட வேண்டும். ஒரு ஜோடியைப் பிடிக்கும் சாலையில், மொத்த ஓட்டத்தில் அந்த ஜோடியின் பங்கு பெரிதாக இருக்க வேண்டும். மொத்தத்தில் பிடிபடும் பயணம் கூடுதலாக இருக்க வேண்டும். ஒரு சென்சாரின் எண்ணிக்கை மற்றவற்றிலிருந்து கணக்கிட்டுவிடக் கூடியதாக இருக்கக்கூடாது.

முதல் விதிதான் உயிர். எந்தச் சென்சாரையும் தாண்டாத ஜோடி ஒன்று இருந்தால், அட்டவணையில் அதற்கு 10 என்று போட்டாலும் 10,000 என்று போட்டாலும் எந்த எண்ணிக்கையும் மறுக்காது. பழைய பிழை அப்படியே நிலைத்துவிடும்.

முதல் விதியைக் குறைந்த செலவில் நிறைவேற்ற ஆறுகளும் ரயில் பாதையும் உதவும். சென்னைக்கு அடையாறு அப்படி ஒரு ஸ்கிரீன் லைன், அதாவது ஊரை இரண்டாகப் பிரித்து, தாண்டுவதையெல்லாம் எண்ண உதவும் கோடு. திரு.வி.க. பாலம், கோட்டூர்புரம் பாலம், சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம், ஈக்காட்டுத்தாங்கல் பாலம் என்று கடல் பக்கமிருந்து மேற்கே ஒவ்வொரு பாலமாக இரு திசையிலும் எண்ணிக்கொண்டே போனால், வடகரைக்கும் தென்கரைக்கும் நடுவே உள்ள எல்லா ஜோடியும் ஒருசேர அகப்பட்டுவிடும். ஒரு பாலத்தை விட்டாலும் கோடு ஓட்டைதான். நெரிசல் நாளில் வண்டிகள் அந்தப் பாலத்தைத் தேடிப் போகும், உங்கள் கணக்கில் 'போக்குவரத்து குறைந்தது' என்று வரும். ஆற்றின் ஒரே கரைக்குள் நடக்கும் பயணங்களுக்குக் குறுக்காக இன்னொரு கோடு வேண்டும். அதற்கு ரயில் பாதை மேம்பாலங்களும் சுரங்கப் பாதைகளும் பெரும்பாலும் பொருந்தும்.

பாலம் என்றதும் பாலத்தின் மேலேயே லூப் வெட்டிவிடாதீர்கள். காரணம் அடுத்த பதிலில்.

கேள்வி: சாலையைத் தேர்ந்தெடுத்தாயிற்று. அந்தச் சாலையில் எந்த இடத்தில் லூப் வெட்டுவது? (ஈரோடு ஒப்பந்ததாரர்)

பதில்: லூப் என்பது தாரில் காடி வெட்டிப் பதித்த கம்பிச் சுருள். மேலே உலோகம் வந்ததும் அதன் மின்தூண்டல் குறையும், சாலையோரப் பெட்டியிலுள்ள கருவி அதை உணரும். இதை நினைவில் வைத்தால் இடம் தேர்வது தானாக வரும். பாலத்தின் கான்கிரீட் தளத்தில் இரும்புக் கம்பி வலை இருக்கிறது; அது லூப்பின் உணர்திறனைத் தின்றுவிடும். ஆகவே பாலத்தை விட்டு அணுகுசாலையில் வெட்டுங்கள். இரும்பு மேன்ஹோல் மூடி, மின் கேபிள் பெட்டி இவற்றிலிருந்து ஒரு மீட்டராவது விலகுங்கள். பழைய தார் பிளந்தோ பள்ளம் விழுந்தோ இருந்தால் அங்கே வேண்டாம். தார் நகரும்போது கம்பியும் அறுந்துவிடும்.

எண்ணுவது மட்டுமே நோக்கம் என்றால் சந்திப்பிலிருந்து தள்ளி, வண்டி நிற்காமல் ஓடும் இடம் வேண்டும். பஸ் ஸ்டாப், ஆட்டோ ஸ்டாண்ட், மீடியனில் வெட்டு விட்ட இடம் இவற்றுக்கு அருகில் வேண்டாம். நின்றுபோன பஸ் லூப்பின் மேல் ஐந்து நிமிடம் நின்றால் கருவிக்கு அது ஒரே வண்டி. அதைச் சுற்றிக்கொண்டு தடம் மாறிப் போனவை கணக்கில் வராது.

வழக்கமான அளவு 2 மீட்டர் சதுரம், மூன்று அல்லது நான்கு சுற்று. மூலைகளில் கம்பி நேர்கோணமாக மடியாமல் குறுக்கே சிறிய சாய்வெட்டு கொடுங்கள். இல்லையென்றால் கூர்முனையில் இன்சுலேஷன் கிழியும். காடியைக் காற்றடித்து முழுக்க உலர்த்திய பிறகே சீலன்ட் ஊற்ற வேண்டும். மழைக்கு முந்தின வாரம் அவசரமாகச் செய்த லூப்கள் சாவது பெரும்பாலும் இங்கேதான். பெட்டி வரை போகும் இரு கம்பிகளையும் மீட்டருக்குப் பதினைந்து முறுக்குக்குக் குறையாமல் முறுக்குங்கள்; முறுக்கில்லாவிட்டால் பக்கத்துக் கம்பியின் சத்தம் ஏறும். மூடிய பிறகு மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்து லூப்புக்கும் மண்ணுக்கும் இடையே பாருங்கள்: 100 மெகா ஓமுக்கு மேல் வரவேண்டும்.

நம் ஊர்த் தொல்லை டூவீலர். தடம் 3.5 மீட்டர், லூப் 2 மீட்டர் என்றால் அடுத்தடுத்த இரு லூப்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் வெறுந்தார். கோட்டின் மேலேயே ஓட்டிச் செல்லும் பைக் அந்தச் சந்தில் எண்ணப்படாமலே போய்விடும். உணர்திறனைக் கூட்டினால் பக்கத்துத் தடத்து பஸ்ஸையும் சேர்த்து எண்ணும். இதற்காகவே 2012ல் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள், தட ஒழுங்கு இல்லாத சாலைக்கென்று பல லூப்களைப் பதித்து சைக்கிள், பைக்கிலிருந்து பஸ் வரை பிரித்தறியும் அமைப்பு ஒன்றை வெளியிட்டார்கள். அது கைக்கு வராத இடத்தில், டூவீலர் பாதிக்கு மேல் ஓடும் சாலைக்குச் சாதாரண லூப்பைப் பரிந்துரைக்க மாட்டோம். மேலிருந்து பார்க்கும் கேமரா அல்லது ராடார் தேவலாம்.

கேள்வி: சில ஊர்களில் சிக்னல் லூப் நிறுத்தக்கோட்டிலேயே இருக்கிறது, சில ஊர்களில் வெகு பின்னால். எது சரி? (திருச்சி வாசகர்)

பதில்: சிக்னலை இயக்கும் மென்பொருளைக் கேளுங்கள், அது சொல்லும். சிட்னியில் பிறந்த ஸ்கேட்ஸ் முறை பச்சை நேரம் எவ்வளவு வீணாகிறது என்று அளக்கிறது. அதற்கு லூப் நிறுத்தக்கோட்டில், நீளவாக்கில் ஏறக்குறைய நாலரை மீட்டர் இருக்கும். சிங்கப்பூரின் கிளைட் இந்த வம்சம்தான். பிரிட்டனில் பிறந்த ஸ்கூட் முறை, வண்டி வந்து சேரும் முன்பே தெரிந்துகொள்ள விரும்புகிறது. அதனால் முந்தைய சந்திப்பைத் தாண்டியதுமே லூப்.

இரண்டுமே நம் சாலையில் அதனதன் வழியில் தடுமாறும். பைக்குகள் காருக்கு நடுவே புகுந்து நிறுத்தக்கோட்டையும் தாண்டி நிற்பதால், நிறுத்தக்கோட்டு லூப்புக்கு வண்டிகளுக்கு இடையே உள்ள இடைவெளியே தெரியாது. பச்சை முழுக்க நிரம்பி வழிவதாக நினைக்கும். தொலைவில் உள்ள லூப்புக்கும் சிக்னலுக்கும் நடுவே பஸ் ஸ்டாப்போ சந்தோ இருந்தால் அது கணித்த வரிசை நிஜ வரிசையோடு ஒத்துவராது. இந்தக் கலப்புப் போக்குவரத்தை மனதில் வைத்து மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய சிக்னல் மென்பொருள்தான் கோசிகாஸ்ட்.

மென்பொருளை மாற்றிவிட்டு லூப்பைப் பழைய இடத்திலேயே விட்டால் இரண்டு பணமும் போச்சு.

கேள்வி: கூகுள் மேப்பில் சிவப்பு, பச்சை எல்லாம் தெரிகிறது. இனி சென்சார் எதற்கு? (மதுரை வாசகி)

பதில்: மேப் வேகத்தைச் சொல்லும். எத்தனை வண்டி என்பதைச் சொல்லாது, ஏனென்றால் போன் வைத்து ஓடுபவர்களில் எத்தனை பங்கு அதில் பதிவாகிறது என்பது சாலைக்குச் சாலை, நேரத்துக்கு நேரம் மாறும். சிக்னல் நேரம், தார் கனம், பாலத்தின் அகலம் எல்லாம் எண்ணிக்கையைக் கேட்பவை. ஆனால் மேப்பால் ஒரு லாபம் உண்டு: வேகத்துக்காக மட்டும் வைத்திருந்த சென்சார்களை எடுத்து, எண்ணிக்கை தெரியாத சாலைகளுக்கு மாற்றிவிடலாம்.

கேள்வி: ஃபாஸ்டேக் படிப்பான்களை ஊருக்குள் கம்பத்தில் மாட்டினால் எந்த வண்டி எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துவிடுமே? (வேலூர் வாசகர்)

பதில்: 2021 பிப்ரவரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம் என்பதால் கார், லாரிகளுக்கு ஓரளவு தெரியும். டூவீலருக்கு ஃபாஸ்டேக் கிடையாது. ஊருக்குள் ஓடுவதில் பெரும்பகுதி உங்கள் கண்ணுக்கே படாது. லாரி வழித்தட ஆய்வுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதற்கும் படிப்பான்களைச் சாலையின் நடுத்துண்டில் வைக்காமல், வழி பிரியும் சந்திப்பு ஒவ்வொன்றின் எல்லா வெளிக்கைகளிலும் வையுங்கள்.

கேள்வி: கேமராவை எந்தத் திசை பார்த்து மாட்டுவது? (தூத்துக்குடி ஒப்பந்ததாரர்)

பதில்: கிழக்கு, மேற்கு பார்த்து வேண்டாம். காலையிலோ மாலையிலோ சூரியன் நேரே லென்ஸில் விழும், அதுவும் சரியாக உச்ச நேரத்தில். வேறு வழியில்லை என்றால் தொடுவானம் தெரியாதபடி கேமராவைக் கீழே சாயுங்கள். உயரம் ஒரு மீட்டருக்குப் பார்வை பத்து மீட்டர் என்பது பழைய கணக்கு. நம் ஊரில் அதில் பாதிதான் நம்பலாம், ஏனென்றால் ஒரு லாரிக்குப் பின்னால் நான்கு பைக் ஒளிந்துவரும். சாலைக்கு நடுவே, நடைமேம்பாலத்தில் மாட்டினால் ஒளிவது வெகுவாகக் குறையும். மழை இரவில் ஈரத் தாரில் தெரியும் ஹெட்லைட் பிரதிபலிப்பையும் வண்டி என்று எண்ணும். ஏற்பதற்கு முன் சோதனையை ஒரு மழை இரவில் வையுங்கள். உலர்ந்த பகலில் எல்லாக் கேமராவும் தேர்ச்சி பெற்றுவிடும்.

கேள்வி: நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால் உடனே தெரிய சென்சார்களை எத்தனை தூரத்துக்கு ஒன்றாக வைக்க வேண்டும்? (கிருஷ்ணகிரி வாசகர்)

பதில்: விபத்து தானாகச் சென்சாரில் தெரியாது, அதற்குப் பின்னால் நீளும் வண்டி வரிசையின் வால் சென்சாரைத் தொடும்போதுதான் தெரியும். நெரிசல் மிகுந்த நேரத்தில் வால் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி நகர்கிறது என்று கொள்ளுங்கள், நொடிக்கு 5 மீட்டர். 500 மீட்டருக்கு ஒன்று என்றால் மிக மோசமான நிலையில் 100 நொடி. 2 கிலோமீட்டருக்கு ஒன்று என்றால் 400 நொடி, கிட்டத்தட்ட ஏழு நிமிடம். பிரிட்டனின் மோட்டார்வேயில் வரிசையைக் கண்டு எச்சரிக்கும் மைடாஸ் அமைப்பின் லூப்கள் ஏறக்குறைய 500 மீட்டருக்கு ஒன்று. வண்டி குறைவான இரவில் வரிசையே சேராது, எவ்வளவு நெருக்கி வைத்தாலும் தாமதமாகத்தான் தெரியும். ஆகவே சீரான இடைவெளிக்குப் பணம் பற்றாவிட்டால் ஏற்றம், வளைவு, சர்வீஸ் ரோடு வந்து சேரும் இடம் இவற்றுக்கு முன்னால் நெருக்கி, நேர் சமவெளியில் விட்டு விட்டு வையுங்கள்.

கேள்வி: எங்கள் பேரூராட்சிக்கு நிரந்தரச் சென்சாருக்கெல்லாம் வழியில்லை. (உடுமலை அருகிலிருந்து)

பதில்: ஒன்றே ஒன்று நிரந்தரமாக இருந்தால் போதும், அதுவும் பக்கத்து மாநிலச் சாலையில் நெடுஞ்சாலைத்துறை வைத்திருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். மற்றச் சாலைகளில் ஆள் வைத்தோ ரப்பர் குழாய்க் கருவி (சாலைக்குக் குறுக்கே கிடக்கும் குழாயை டயர் அழுத்தும்போது எண்ணுவது) வைத்தோ குறுகிய நாள் எண்ணுங்கள். நிரந்தர நிலையத்தில் ஆண்டுச் சராசரி 8,000, நீங்கள் எண்ணிய நாட்களில் 8,800 என்றால், உங்கள் சாலையில் வந்த 3,300ஐ 8,000ஆல் பெருக்கி 8,800ஆல் வகுங்கள்: 3,000. நிரந்தர நிலையம் எதுவுமே இல்லையென்றால் இந்தியச் சாலை காங்கிரஸின் பழைய வழிகாட்டுதல்படி அறுவடை, சந்தை மும்முரமாக இருக்கும்போது ஏழு நாள், ஓய்ந்த பருவத்தில் ஏழு நாள், ஆண்டுக்கு இருமுறை, 24 மணி நேரமும்.

ஓர் எச்சரிக்கை: பழனி போகும் சாலையை மில் போகும் சாலையின் விகிதத்தால் திருத்தாதீர்கள். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் முதலாவது பெருகும், இரண்டாவதுக்கு ஒன்றும் ஆகாது.

ரப்பர் குழாயை வண்டி நிற்கும் இடத்தில் போடக்கூடாது. ஒரு டயர் அதன்மேல் நின்றுவிட்டால் பின்னால் வருபவை எதுவும் பதிவாகாது.

கேள்வி: பதித்து ஓராண்டில் பாதி சென்சார் ஊமையாகிவிட்டது. மீதிப் பாதி சரியாக எண்ணுகிறதா என்று எப்படி அறிவது? (திருப்பூர் வாசகர்)

பதில்: ஊமையானதற்குக் காரணம் பெரும்பாலும் மில்லிங். சாலைப் பிரிவு பழைய தாரைச் சுரண்டும்போது லூப்பும் சேர்ந்து போய்விடும். இடம் தேர்வதற்கு முன் அடுத்த மூன்று ஆண்டுக்கான தார் போடும் பட்டியலை வாங்கிப் பாருங்கள். அந்தப் பட்டியலில் உள்ள சாலைக்குக் கம்பத்துக் கருவிதான். ஒரு சென்சார் போனால் எதையெல்லாம் கணக்கிட முடியாமல் போகும் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, அதிகம் இழப்பு வரும் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் இரட்டையாகப் போடுங்கள்.

உயிரோடு இருப்பவை பொய் சொல்வதுதான் பெரிய ஆபத்து. நள்ளிரவில் பூஜ்யம் வராத சிறு சாலை, பகலில் அரை மணி நேரம் பூஜ்யம் வரும் பெரிய சாலை, ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் காட்டும் பெட்டி ஆகியவற்றைத் தினமும் கணினியே வடிகட்டட்டும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் வைத்து ஒரு மணி நேரம் எண்ணி ஒப்பிடுங்கள். இதற்கு ஜெஃப்ரி ஹேவர்ஸ் என்பவர் 1970களில் லண்டனில் வகுத்த ஜி.இ.எச். என்ற அளவை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்: வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, இரண்டால் பெருக்கி, இரு எண்ணிக்கையின் கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கமூலம். 5க்குக் கீழே என்றால் தேர்ச்சி. ஆள் எண்ணியது 1,000, சென்சார் 900 என்றால் 3.2, தேர்ச்சி. ஆள் எண்ணியது 100, சென்சார் 60 என்றால் 4.5, இதுவும் தேர்ச்சி! நாற்பது சதவீதம் தவறு, ஆனாலும் சான்றிதழ் கிடைத்துவிடும். மணிக்கு 300க்குக் குறைவாக ஓடும் சாலைகளுக்கு ஒப்பந்தத்தில் ஜி.இ.எச்.சை மட்டும் எழுதாமல் சதவீத வரம்பையும், டூவீலருக்குத் தனி வரம்பையும் சேர்த்து எழுதுங்கள்.